பிள்ளைகள் ஹோட்டலில் தங்கியது பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



நாலு நாளாக எமது ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறை. பெரிய சோபா, கண்ணாடி மேசை, பின்னால் செயற்கைப் பூச்சாடி. சோபாவில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஏழு பேர். படத்தை எடுத்தது நாங்கள்தான். வந்து சேர்ந்துவிட்டோம் என்று பெற்றோருக்குச் சொல்ல அனுப்பியது, அங்கிருந்து எங்கெல்லாமோ போய்விட்டது.

கூடவே கருத்துகளும் வந்தன. "போட்டிக்கா போனாங்க, டூர் போனாங்களா?" "ஒரு லட்சத்துக்கு எத்தின ஏழப் புள்ளைக்குச் சப்பாத்து வாங்கலாம்?" ஒரு காக்கா குரல் பதிவே போட்டிருந்தார்: "முந்தி எங்களக் கூட்டிப் போன சேர்மார் பள்ளிவாசல்லதான் படுக்க வெச்சாங்க. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

அந்தக் காக்கா மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஊர்ப் பணம் வீணாகக் கூடாது என்ற கவலைதான் அவரைப் பேச வைத்தது. ஆனால் பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிப் போக எந்த ஆசிரியரும் முன்வரமாட்டார். போன மூன்று பேரும் சேர்ந்து பேசித்தான் இதை எழுதுகிறோம். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கணக்கு. ஊரில் சொல்லப்படுவது ஒரு லட்சம். உண்மையில் அறை வாடகை 68,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். மூன்று பேர் படுக்கும் அறை மூன்று, ஒவ்வொன்றும் 16,000. மேலதிகக் கட்டில் ஒன்றுக்கு 4,000. காலைச் சாப்பாடு அதற்குள். இதெல்லாம் கூட்டினால் 52,000தானே, மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நாங்களும் பில்லைப் பார்த்து அப்படித்தான் கேட்டோம். தொலைபேசியில் விலை சொல்லும்போது கடைசியில் மெதுவாக "பிளஸ் பிளஸ்" என்றார்கள். அது ஏதோ ஹோட்டல் பாஷை என்று விட்டுவிட்டோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம், இன்னும் சில்லறை வரிகள், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இரண்டு பிளஸ். கணிதம் படிப்பிக்கிற ஒருவரும் எங்களோடு இருந்தார் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். இனி யாராவது கொழும்பில் அறை பேசினால், "எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தப் பணம் யாருடையது? ஏழு பெற்றோரும் தலைக்கு 3,000 தந்தார்கள். கொழும்பில் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, 20,000 தந்தார். மிச்சம் முழுவதும் எங்கள் மூவரின் சம்பளம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வான் கூலியைத் தந்தது. அறைக்கு அங்கிருந்து ஒரு சதமும் வாங்கவில்லை. பள்ளிவாசல் நிதியையும் தொடவில்லை.

கணக்கு அவ்வளவுதான். ஆனால் நாங்கள் பேச வந்தது கணக்கைப் பற்றி அல்ல. ஏன் ஹோட்டல் என்பதைப் பற்றி.

இரண்டு வருடத்துக்கு முன்னர் பத்தாம் தரத்தில் படித்த இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு கருவி செய்தார்கள். வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் இரண்டாமிடம், தேசிய மட்டத்துக்குக் கொழும்பு போக வேண்டும். வழமை போலத் திட்டம் போட்டோம். இஷாவுக்குப் பிறகு கல்முனையில் பஸ் ஏறினால் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி விடியற்காலையில் கொழும்பு. பள்ளிவாசலில் முகம் கழுவி, சுபஹ் தொழுது, உடுப்பு மாற்றி நேரே மண்டபம். ஆண் பிள்ளைகளுக்கு இது சரி. பெண் பிள்ளைகள் எங்கே குளிப்பது, எங்கே உடுப்பு மாற்றுவது? தெமட்டகொடையில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது. இரண்டு அறை வீடு, ஒரு குளியலறை, ஏற்கனவே அந்த வீட்டில் ஏழு பேர். இரவு முழுக்க பஸ், விடிந்ததும் தெரியாத வீடு என்றதும் இரண்டு உம்மாமாரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் பிள்ளையாக இருந்தால் நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

அதனால் என்ன செய்தோம் தெரியுமா? வகுப்பில் நன்றாகப் பேசக்கூடிய இரண்டு பையன்களுக்கு அந்தக் கருவியைப் பற்றி மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போனோம். ஒருவன் மகியங்கனை வளைவுகளில் வாந்தி எடுத்து, காலையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். மற்றவன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தான். நடுவர் ஒரேயொரு கேள்வி கேட்டார், இந்தப் பாகத்தை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று. அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருவரும் ஊரில், வீட்டில்.

அந்த இருவரில் ஒருத்தி அடுத்த வருடம் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஏனம்மா என்று கேட்டதற்கு, "செஞ்சு என்ன மிஸ், போறது அவங்கதானே" என்றாள். அந்தப் பதில் இன்னமும் எங்களைக் குத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்த முறை தீர்மானித்தோம். செய்த பிள்ளைதான் போக வேண்டும். போவதானால் முதல் நாள் பகலில் போய், பூட்டக்கூடிய கதவு உள்ள அறையில் தூங்கி, காலையில் தெளிவாக எழும்ப வேண்டும். வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுத்தோம். பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு ஹோட்டலின் பெயர், தொலைபேசி இலக்கம், எந்த அறையில் எந்த டீச்சர் எந்தப் பிள்ளைகளோடு இருப்பார் என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தோம். நாலு பெண் பிள்ளைகளின் வீட்டிலும் சம்மதித்தார்கள். சம்மதிக்க வைத்தது எங்கள் பேச்சுத் திறமை அல்ல. அந்தக் கடதாசிதான்.

கண்காட்சி பௌத்தாலோக மாவத்தையில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில். சீன அரசாங்கம் அன்பளிப்பாகக் கட்டித் தந்து 1973இல் திறந்த மண்டபம். 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்த இடம். செப்டம்பர் மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் போன எமது ஊரவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள பகுதியில் அறை தேடினால் ஒன்று ஐந்து நட்சத்திரம், அல்லது பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போக யோசிக்க வேண்டிய லொட்ஜ். நடுத்தரமானவை மிகக் குறைவு. பல ஊர்களில் கிளை உள்ள ஒரு நடுத்தர ஹோட்டலில்தான் கடைசியில் இடம் கிடைத்தது. அதற்கு முன்னர் ஓரிடத்தில் பெயரைச் சொன்னதும் குரல் மாறியது போல இருந்தது. அது எங்கள் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம்.

இந்த முறை பிள்ளைகள் கொண்டு போன மூன்று ஆக்கங்களில் ஒன்று, களத்தில் நெல் காயும்போது மழைத்துளி விழுந்தால் தானாக இழுத்து மூடும் படங்கு. மாதிரிதான், ஒரு பலகையின் அளவு. அதற்குள் பழைய சீ.டி. பிளேயரில் கழற்றிய மோட்டார், ஒரு பற்றரி, ஆர்டுயினோ பலகை, சிவப்பும் கறுப்புமாக நிறைய வயர். எல்லாவற்றையும் ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து டேப் சுற்றியிருந்தோம்.

ஹோட்டல் வாசலில் பைகளைச் சோதிக்கும் இயந்திரம். பெட்டி உள்ளே போனது, வெளியே வரவில்லை. காவலர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மீண்டும் திரையைப் பார்த்தார். பெட்டியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி முகாமையாளரை அழைத்தார். எங்களைச் சோபாவில் உட்காரச் சொன்னார்கள்.

2019 ஏப்ரல் 21இல் கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் மூன்றில் என்ன நடந்தது என்பதும், அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எமது சமூகம் எப்படி நடமாடியது என்பதும் தெரியும். இப்போது எங்கள் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த பத்து முஸ்லிம்கள், டேப் சுற்றிய பெட்டி, உள்ளே பற்றரியும் வயரும். எங்களுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளையின் வாப்பா தொலைபேசியில், போய்ச் சேர்ந்தாச்சா என்று கேட்டார். ஊரில் யாரும் பதறக் கூடாது என்று ஒரு படம் எடுத்து அனுப்பினோம். அதுதான் நீங்கள் பார்த்த படம். இன்னொரு தடவை பாருங்கள். ஏழு பிள்ளைகளில் ஒருவராவது சிரிக்கிறாரா?

இருபது நிமிடமளவில் முகாமையாளர் வந்தார். அதிபரின் கடிதத்தையும் வலயத்தின் அனுமதியையும் காட்டினோம். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நாங்கள் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, கருவியைச் செய்த பிள்ளை எழும்பிப் போய்ச் சிங்களத்திலேயே விளக்கினாள். இரண்டாம் மொழிப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுங்கள் என்று வருடா வருடம் கேட்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். பெட்டியை அவளே திறந்தாள். வேலை செய்யுமா என்று காவலர் கேட்க, போத்தல் தண்ணீரை விரல் நுனியில் எடுத்துத் தெளித்தாள். மோட்டார் உறுமியது, படங்கு மெல்ல நகர்ந்து மூடியது. காவலர் தானும் ஒருமுறை தெளித்துப் பார்த்தார். பிறகு பெட்டியை அவரே மேலே தூக்கி வந்து தந்தார்.

அந்தக் காவலர் செய்தது பிழை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவருடைய வேலை அது. பிழை எங்களுடையது. இப்படியொரு பொருள் வருகிறது என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லி, கடிதத்தின் பிரதியை அனுப்பியிருந்தால் பிள்ளைகள் அந்த இருபது நிமிடத்தைச் சந்தித்திருக்கமாட்டார்கள். விஞ்ஞான ஆக்கங்களோடு பிரயாணம் செய்யும் ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

இப்படித் தொடங்கியதில் அந்த இரவு எங்களுக்கு எல்லாமே பாடம்தான். அட்டையைச் சுவரில் உள்ள பெட்டிக்குள் போட்டால்தான் விளக்கு எரியும் என்று தெரியாமல் ஒரு அறையில் இருட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று வரவேற்பில் கேட்டோம். ஊழியர் ஒருவர் வந்து காட்டிவிட்டு, விரிக்கத் துணியும் கொண்டுவந்து தந்தார். மஃரிபோடு இஷாவைச் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். பையன்கள் அறைத் தொலைபேசியைக் கண்டுபிடித்து அடுத்த அறையில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு அழைத்து, "ஹலோ, பொலிஸ் பேசுறோம்" என்று பகிடி விட்டார்கள். அதை நிறுத்தப் போன சேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் புபே. இங்கே நாங்கள் கொஞ்சம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரிசையில் எது கோழி, எது வேறு என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சமையற்காரரிடம் கேட்டோம். ஒரு தட்டைக் காட்டி அதைத் தவிர்க்கச் சொன்னார். எதற்கு வம்பு என்று எல்லோரும் இடியப்பம், பருப்பு, சம்பல், முட்டை என்று எடுத்தோம். எடுத்தது சரி, அளவுதான் சரியில்லை. காசு கொடுத்தாயிற்று என்ற எண்ணத்தில் தட்டு மலையாகிவிட்டது, பாதி மிஞ்சியது. பிள்ளைகளின் தட்டு மட்டுமல்ல, எங்கள் தட்டும்தான். வலீமா வீட்டு சஹனைப் பற்றி எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஹோட்டலில் தங்குவது வீண்விரயம் என்று சொன்னவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: அறை வீண்விரயமல்ல, தட்டில் விட்ட இடியப்பம் வீண்விரயம். அந்த விமர்சனத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

இன்னொன்றும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. போவதற்கு முன்னர் சிலர் எங்களுக்கு நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார்கள். இரண்டு அறை மட்டும் எடுங்கள், ஆறு பேர் என்று பதியுங்கள், மற்றவர்கள் பிறகு ஒவ்வொருவராக லிப்டில் ஏறட்டும், யார் எண்ணப் போகிறார்கள்? 20,000 மிச்சம். நாங்கள் மாட்டோம் என்று சொன்னோம். மாணவர்களை ஒளித்துக் கூட்டிப் போய்விட்டு, மறுநாள் வகுப்பில் அமானிதம் பற்றி எப்படிப் பேசுவது? ஆனால் அவ்வளவு நேர்மையாகத் தலைகளை எண்ணிய நாங்கள், ஒருவரை எண்ண மறந்துவிட்டோம். வான் ஓட்டி வந்த காக்காவை. நுவரெலியா, எல்ல பக்கம் போனால் சாரதிகளுக்கென்று தனி அறை இருக்கும். இங்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். இல்லை. அவரும் வாய் திறக்கவில்லை. இரவு வாகனத் தரிப்பிடத்தில் சீற்றைச் சாய்த்துக்கொண்டு, நுளம்புக் கடியோடு படுத்து, சுபஹுக்கு ஜாவத்தைப் பள்ளிவாசலுக்குப் போய் வந்து காலையில் சிரித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு விடிந்த பிறகுதான் தெரியும். அன்றே மாலை அவர்தான் எங்கள் ஏழு பிள்ளைகளையும் மலைப்பாதையால் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். மன்னிப்புக் கேட்டோம். "பழகிட்டு சேர்" என்றார். அது பழக வேண்டிய விஷயமல்ல. அடுத்த பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

மண்டபத்தில் என்ன நடந்தது? பரிசு கிடைக்கவில்லை. படங்குக் கருவிக்குத் திறமைச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. "68,000 செலவழிச்சி ஒரு கடதாசியா?" என்று கேட்க நினைப்பவர்களுக்கு, ஆம், ஒரு கடதாசிதான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு நடுவர்கள் வந்தபோது ஏழு பிள்ளைகளும் தூங்கி எழும்பிய முகத்தோடு நின்றார்கள். கேட்ட கேள்விகளுக்கு, செய்தவர்களே பதில் சொன்னார்கள். படங்கு நனைந்தால் பாரம் கூடுமே, மோட்டார் தாங்குமா என்று ஒரு நடுவர் கேட்டார். எங்களுக்கே தோன்றாத கேள்வி. அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்து, தாங்காது, சரிவாக வைத்துத் தண்ணீர் வழிந்தோடச் செய்ய வேண்டும் என்று சொன்னாள். வானில் வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே கொப்பியில் கீறிக்கொண்டு வந்தாள்.

வென்று வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஊர் எல்லையில் வரவேற்பு, வாகன ஊர்வலம், பெனர், பொன்னாடை, நினைவுச் சின்னம், மேடையில் இருபது பேர். அதற்கு 68,000 போதாது. அதைத் தர ஆட்களும் இருக்கிறார்கள். நாங்கள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் பெனரில் பெயர் வருவது போல அறை வாடகை பில்லில் யாருடைய பெயரும் வராது. அதனால்தானோ என்னவோ போகும்போது பஸ் காசும் வரும்போது பட்டாசும் என்று நமது ஊரில் பழகிவிட்டது. ஏழு பெற்றோரில் ஒருவர் அந்த 3,000த்தை இரண்டு தவணையாகத் தந்தார், இரண்டாவது தவணையில் நூறு ரூபாத் தாள்களாக. அவரிடம் வாங்கியது எங்களுக்கு இன்னமும் மனதுக்குச் சரியாகப் படவில்லை.

சப்பாத்து இல்லாத பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்பது சரிதான், அதற்கு நாங்களும் கை கொடுக்கிறோம். ஆனால் சப்பாத்து வாங்கிக் கொடுத்த பிள்ளை நன்றாகப் படித்து மாகாணத்தைத் தாண்டினால், அங்கேயும் யாராவது ஒரு கதவைத் திறந்து விட வேண்டும். பெண் பிள்ளையானால் அந்தக் கதவுக்கு உள்ளே பூட்டும் இருக்க வேண்டும். ஹோட்டல்தான் வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்கவில்லை. கொழும்பில் வீடு வைத்திருக்கும் எமது ஊர் வசதியானவர்கள் எத்தனையோ பேர். வருடத்தில் நாலைந்து இரவுக்கு மேல்மாடியை ஒழித்துத் தந்தால் ஒரு சதமும் செலவில்லை. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்து கொடுக்கும் நல்ல மனிதர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அதே பட்டியலில் பிள்ளைகளுக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்த தவணையில் இன்னொரு போட்டி வருகிறது, அதுவும் கொழும்பில்தான். வலயத்தில் தெரிவான ஐந்து பேரில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். வீட்டுக்குப் போனால் உம்மாமார் முதலில் கேட்கிற கேள்வி, "எங்க டீச்சர் தங்குற?" அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. பில்லும் ரசீதுகளும் மேசையில் வைத்திருப்போம். குரல் பதிவு போட்ட காக்காவும் வர வேண்டும், அவரிடமும் ஆலோசனை இருக்கும். வானோட்டிக் காக்காவையும் வரச் சொல்லியிருக்கிறோம்.